வேன்காரம்மா கேட்ட பழைய சாமான்

பிள்ளையார் சதுர்த்திக்கு எங்கள் தெருவில் பந்தல் போட்டுச் சுண்டல் கொடுப்பார்கள். எல்லோரும் கையை நீட்டி வாங்குவோம். வேன்காரம்மா மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "மொதல்ல நீ ஒரு வாய் போட்டுக்கோ, பாக்கலாம்" என்பார். கொடுக்கிறவர் சிரித்துக்கொண்டே ஒரு கை அள்ளி மெல்லுவார். அவர் விழுங்கி முடிக்கிற வரைக்கும் அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அதற்கப்புறம்தான் இவர் கையை நீட்டுவார். சாமிக்குப் படைத்ததையே சந்தேகப்பட்டவர் ஆசாமிகளை மட்டும் விட்டுவைப்பாரா என்ன?

தமிழும் கன்னடமும் கலந்து பேசுகிற ஜீவனஹள்ளியில் நான் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த காலம் அது. இரண்டாயிரம் பிறந்த புதிது. செல்போனெல்லாம் காக்ஸ் டவுன் பங்களாக்காரர்களிடம்தான் இருந்தது. எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. பூத்துக்கு நேர் எதிர் வீடு வேன்காரம்மாவுடையது. புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர், பிள்ளை குட்டி கிடையாது, வாசலில் ஒரு வெள்ளை வேன். அந்த வேனில்தான் எங்கள் தெருப் பிள்ளைகள் அல்சூர் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தார்கள். என் மகளும் அதில்தான் போனாள். வேன் வாங்கிய புதிதில் ஓட்டியது புருஷன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவரைக் கண்காணித்தார்.

நான் அவரை அக்கா என்றும் புருஷனை அண்ணன் என்றும்தான் கூப்பிடுவேன். அக்காவுக்குக் குள்ளமான உருவம், இறுக்கி முடிந்த கொண்டை, புடவைக்கு மேல் ஒரு காக்கிச் சட்டை. எதை யார் சொன்னாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது "எதுக்கு?" என்கிற ஒரு கேள்விதான். புதிதாகக் குடி வந்தவர்கள் இனிப்பு கொண்டுவந்தால், எதுக்கு? டாக்டர் மாத்திரை எழுதினால், எதுக்கு? அதோடு விடமாட்டார். "உங்க வூட்டம்மாக்கு இதே நோவு வந்தா இத்தையேதான் குடுப்பியா?" என்று டாக்டரிடமே கேட்டுவிட்டு வந்தவர். தேர்தல் சமயத்தில் ஒரு கட்சிக்காரர் வீடு வீடாகப் புடவை கொடுத்துக்கொண்டு வந்தார். நாங்களெல்லாம் கலர் நன்றாக இருக்கிறதா என்று பார்த்தோம். அக்கா வாங்கவே இல்லை. "ஆட்டுக்கு மாலை போட்டா, எதுக்கு போடுறான்னு ஆடு யோசிக்கணும்மா. அது யோசிக்காம பூவத் துன்னுக்கினு நிக்குது" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஏனென்றால் நான் அந்தப் பச்சைப் புடவையை அப்போதுதான் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகள் வேனில் ஏறும்போதும் சோதனைதான். "பல்லு வெளக்கினியா? ஊது பாக்கலாம்" என்று ஒவ்வொன்றின் முகத்துக்கும் குனிந்து முகர்ந்து பார்த்துத்தான் ஏற்றுவார். பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. வேண்டுமென்றே பூண்டு ஊறுகாய் தின்றுவிட்டு வந்து ஊதுகிற வாண்டுகளும் உண்டு. அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு திட்டுவார், அதுகள் விழுந்து விழுந்து சிரிக்கும்.

புருஷனுக்கும் அதே சோதனை இருந்தது. அதில் சிரிப்பு இல்லை. அண்ணன் ஒரு காலத்தில் குடித்தவர். கல்யாணமான புதிதில் தெருவே பார்க்கும்படி விழுந்து கிடந்தவர் என்று சொல்லுவார்கள். நான் அங்கே குடி வருவதற்கு முன்னாலேயே அதை விட்டுவிட்டார். விட்டவர் விட்டவர்தான், நான் பார்த்து ஒருநாள்கூடத் தள்ளாடி நடந்ததில்லை. இருந்தாலும் சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழையும்போது அக்கா வாசலை மறித்துக்கொண்டு நிற்பார். "ஊது." அண்ணன் தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஊதுவார். அதற்கப்புறம்தான் உள்ளே போகலாம். ஒருநாள் நான் பொறுக்காமல், "பாவம்க்கா, அவரு விட்டு எவ்ளோ நாளாச்சு" என்றேன். "வுட்டுட்டேன்னு அவன் சொல்றான். வாய் சொல்றத நம்பறதுக்கா எனுக்கு மூக்கு கீது?" என்றார். அக்கா வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டதும் இதனால்தான். என்றைக்காவது இவர் குடித்துவிட்டு வந்து நின்றால் பிள்ளைகளை யார் கொண்டுபோவது என்று, லைசென்ஸ் வாங்கித் தயாராக வைத்திருந்தார்.

இந்த உலகத்தில் அவர் ஒன்றே ஒன்றைத்தான் நம்பினார். அது பழைய சாமான். மெக்கானிக் எதை மாற்றினாலும் கழற்றிய பழசைக் கையில் கொடுத்தாக வேண்டும். ஊரில் எல்லோரும் கேட்டு வாங்குவதுதான். நிஜமாகவே மாற்றினானா, பழசையே துடைத்துப் போட்டானா என்று தெரிய வேண்டாமா? ஆனால் மற்றவர்கள் பார்த்துவிட்டு வழியிலேயே போட்டுவிடுவோம். அக்கா போடமாட்டார். கிரீஸ் ஒட்டிய நியூஸ் பேப்பரோடு வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் ஒரு சாக்கில் சேர்ப்பார். பிளக், பிரேக் ஷூ, ஃபேன் பெல்ட், பியூஸ் போன பல்பு எல்லாம் அதில் இருந்தது. "இது பேசாதும்மா. அதனால பொய்யும் சொல்லாது" என்பார்.

ஒரு மழைக்கால காலையில் அந்த விபத்து நடந்தது. அன்றைக்கு அக்காவுக்குக் காய்ச்சல், வேனில் ஏறவில்லை. அல்சூர் ஏரியை ஒட்டிய வளைவில் வேன் வளையாமல் நேராகப் போய் நடைபாதையில் ஏறி, கம்பி வேலியில் மோதி நின்றுவிட்டது. வேலி மட்டும் இல்லையென்றால் பிள்ளைகளோடு ஏரிதான். என் மகளுக்கு டிபன் பாக்ஸ் உருண்டதோடு சரி. கோடி வீட்டுக் குழந்தைக்குத் தாவாக்கட்டையில் தையல் போட வேண்டியதாயிற்று. நாங்கள் எல்லோரும் ஆட்டோ பிடித்து ஓடினோம். காய்ச்சலோடு அக்காவும் வந்தார்.

அண்ணன் நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். "ஸ்டியரிங் வீலைத் திருப்பினேன். வீல் திரும்புச்சி, டயர் திரும்பல" என்பதையே யார் கேட்டாலும் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா நேராக அவர் முன்னால் போய் நின்றார். அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில், போலீஸ்காரர் பார்க்க, "ஊது" என்றார். அவர் ஊதினார். அக்கா இரண்டாம் தடவையும் ஊதச் சொன்னார். வாசனை எதுவும் இல்லை.

அங்கேயே ஒரு மெக்கானிக் வந்து வீலை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். டயர்கள் சொன்னபடி கேட்டன. "ஸ்டியரிங் பக்காவா கீதுப்பா, ஒரு குறையும் இல்ல" என்றார். போலீஸ்காரர் சிரித்தார். முந்தின நாள் ராத்திரி அண்ணன் கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு ஒரு சவாரி போய்விட்டு வந்தது தெருவுக்கே தெரியும். ஆக, கதை முடிந்துவிட்டது. குடிக்கவில்லையா, அப்படியென்றால் தூங்கிவிட்டார். அக்காவும் அதையேதான் சொன்னார். "டயர் திரும்பலியாம். எனுக்குக் காது குத்துறான். கண்ண மூடிட்டுப் போய்ட்டு வண்டி மேல பழிய போடுறான்."

அதற்கப்புறம் அண்ணன் ஓட்டுகிற வேனில் பிள்ளையை ஏற்ற யாருக்கும் மனம் வரவில்லை. அண்ணன் ஒருநாள் ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு, ஓசூர் ரோட்டில் இருக்கிற அத்திபெலேக்குப் போய்விட்டார். அங்கே ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை வருவார், பூத் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குள் போவார். வாசலில் நின்று ஊதிவிட்டுத்தான் போவார். வேனின் முன்பக்கத்தைத் தட்டிச் சரிசெய்து, அக்காவே ஓட்ட ஆரம்பித்தார். புருஷனுடைய காக்கிச் சட்டையை அவர் போட ஆரம்பித்தது அப்போதிலிருந்துதான். பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. இவ்வளவு சந்தேகப்படுகிற பொம்பளை ஓட்டினால் நம்பி அனுப்பலாம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். நானும் என் மகளைத் தினமும் அதே வேனில்தான் ஏற்றி அனுப்பினேன்.

ஒரு வருடம் போல ஆகியிருக்கும். பூத்துக்கு ஒரு போன் வந்தது. அக்கா எங்கே எழுதிக் கொடுத்தாலும் என் பூத் நம்பரைத்தான் கொடுப்பார். தேன் வழிகிற குரலில் ஒரு பெண், வேன் கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலிருந்து பேசுவதாகச் சொன்னாள். எதிர்ப்பக்கம் பார்த்துக் கத்தி அக்காவைக் கூப்பிட்டேன்.

"ஹலோ, யாரு?"

அந்தப் பெண் கன்னடத்தில் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அக்காவும் கன்னடத்துக்கு மாறினார். "ஃப்ரீ செக்கப்பா? யாகே?" ஊர் மாறினாலும் பாஷை மாறினாலும் கேள்வி அதேதான், எதுக்கு. அப்புறம் தமிழும் கன்னடமுமாகக் கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்தது. "செலக்டட் கஸ்டமரா? என்னிய நீ பாத்துக்கிறியா? பாக்காம எப்டி செலக்ட் பண்ண?" என்பது வரைக்கும் எனக்குக் கேட்டது. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஓசி செக்கப்பாம். ஓசி வாட்டர் வாஷாம். புள்ளைங்களுக்கு தண்ணி பாட்டில் வேற தரானாம்."

"நல்லதுதானேக்கா. போய்ட்டு வாங்க."

"வண்டி கழுவறதுக்கு சேசிஸ் நம்பர் எதுக்கும்மா கேக்கறா? நம்பர் பிளேட்ல கீற நம்பர் போதாதா?"

எனக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. அக்காவுக்கு அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது. பள்ளிக்கூட வாசலில் நிற்கிற மற்ற வேன்காரர்களிடமெல்லாம் விசாரித்தார். அதே மாடல் வைத்திருந்தவர்களில், இவர் வாங்கிய சமயத்தில் வாங்கியவர்களுக்கு மட்டும் போன் வந்திருந்தது. அதற்கு முன்னால் வாங்கினவர்களுக்கு வரவில்லை. பின்னால் வாங்கினவர்களுக்கும் வரவில்லை. "பழைய வண்டிக்குத்தான செக்கப்பு வேணும்? அத்த வுட்டுட்டு நடுவுல கீறவன மட்டும் எதுக்கு தேடுறான்?" என்று என்னைக் கேட்டார். நல்ல ஒரிஜினல் சாமானைக் கழற்றிக்கொண்டு டூப்ளிகேட்டை மாட்டி அனுப்பப் போகிறான் என்பது அவருடைய முதல் கணக்கு. அந்தப் பெண் விடாமல் போன் செய்தாள். அக்கா விடாமல் போகாமல் இருந்தார். சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று எனக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிய ஆரம்பித்தது. ஹாரன் கெட்டுப்போனாலே பில்லைத் தீட்டிவிடுகிற கம்பெனி, இப்படிக் கெஞ்சிக் கெஞ்சிக் கூப்பிடுகிறதே என்று எனக்கும் உறுத்தியது.

கடைசியில் ஒரு சனிக்கிழமை, "வா, நீ சாட்சிக்கு" என்று என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பூத்தை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டுப் போனேன். வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி, பின்பக்கத்து இண்டிகேட்டர் பல்பு ஒன்றைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டார்.

"என்னக்கா பண்றீங்க?"

"செக்கப்புன்னா செக்கப் பண்ணணும் இல்ல? பல்பு இல்லாதத கண்டுபுடிக்கிறானான்னு பாக்கறேன்."

சர்வீஸ் சென்டர் ஓசூர் ரோட்டில் இருந்தது. வாசலில் பந்தல், பலூன், பச்சை நிறத்தில் ஒரு பெரிய பேனர். ஆளுக்கொரு கிளாஸ் ஜூஸ் கொடுத்தார்கள். இப்போதெல்லாம் இத்தனை வண்டிகளில் இன்ன குறை, திரும்ப அழைக்கிறோம் என்று கம்பெனிகளே பேப்பரில் போடுகின்றன. அன்றைக்கு எங்களுக்கு அப்படி ஒரு வார்த்தையே தெரியாது. முகாம் என்று பேர் வைத்து ஜூஸ் கொடுத்தார்கள், நான் இரண்டு கிளாஸ் குடித்தேன். அக்கா தொடவில்லை.

"மேடம், நீங்க லவுஞ்ச்ல உக்காருங்க. ஏசி இருக்கு, டிவி இருக்கு" என்றாள் ஒரு பெண். குரலை வைத்து போன் பேசியவள்தான் என்று தெரிந்தது.

"வண்டி எங்க கீதோ அங்கதான் நானும்" என்று சொல்லிவிட்டு, வேலை நடக்கிற பள்ளத்தின் ஓரமாக ஒரு டயரைப் போட்டு உட்கார்ந்துகொண்டார் அக்கா. கஸ்டமர் உள்ளே வரக்கூடாது என்று இரண்டு மூன்று பேர் வந்து சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வண்டியைச் சுற்றி யாரும் வரவில்லை. லைட்டைப் போட்டுப் பார்க்கவில்லை, பிரேக்கை மிதித்துப் பார்க்கவில்லை. இரண்டு பேர் நேராக ஸ்டியரிங்குக்கு அடியில் போனார்கள். கை அளவுக்கு இருந்த ஒரு இரும்பு ஜாயிண்டைக் கழற்றி, பெட்டியிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து மாட்டினார்கள். கழற்றிய பழசை ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டார்கள். அக்கா எழுந்து போய்க் கூடையை எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். கூடை நிறைய அதே ஜாயிண்ட். அப்புறம் வண்டிக்குத் தண்ணீர் அடித்து, தண்ணி பாட்டில்களை சீட்டில் வைத்து, எல்லாம் ஓகே மேடம் என்றார்கள்.

அக்கா மடியிலிருந்த பல்பை எடுத்துக் காட்டினார். "எல்லாம் ஓகேவா?"

"செரி, என் பழைய சாமானக் குடு" என்றார். கொடுக்க முடியாது என்றார்கள். அக்கா வேனில் ஏறினார். அப்பாடா, கிளம்புகிறார் என்று நானும் ஏறினேன். அவர் வேனை ஓட்டிக்கொண்டுபோய் வெளியே போகிற கேட்டில் குறுக்காக நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பின்னால் வண்டிகள் சேர்ந்து ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. எனக்கு வெட்கமாக இருந்தது, முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளலாமா என்று பார்த்தேன்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். ஓசூர்ப் பக்கத்துத் தமிழர். "அம்மா, வழிய விடுங்கம்மா. உங்க வேலைதான் முடிஞ்சிடுச்சே."

"என் சாமானக் குடு, போறேன்."

"அது கம்பெனிக்கு அனுப்பணும்மா. ரூல்ஸ்."

"ஒடஞ்ச பல்பக்கூட பேப்பர்ல மடிச்சிக் குடுக்கறீங்க. இத்த மட்டும் எதுக்கு ஒளிச்சி வெக்கற? தங்கமா அது?"

"தேஞ்சி போன சாமான்மா. உங்களுக்கு எதுக்கும் ஆவாது."

"தேஞ்சிக்குதுன்னு நான் வந்து சொல்லவேயில்லியே. நல்லா ஓடிக்கினு இருந்த வண்டி. உள்ள தேஞ்சிக்குதுன்னு உனுக்கு எப்டித் தெரிஞ்சிது?"

பின்னால் காரில் இருந்த ஒருவர் இறங்கி வந்து, "காடி தெகிரிம்மா!" என்று கத்தினார், வண்டியை எடு என்று. அக்கா அவர் பக்கம் திரும்பினார். "உன் வண்டிலயும் அத்தையேதான் கயட்டினான். இன்னான்னு கேட்டியா நீ?" அந்த மனிதருக்குத் தமிழ் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஆனால் கூச்சலை விட்டுவிட்டு அக்கா பக்கத்தில் வந்து நின்று, அவரும் சூப்பர்வைசரைப் பார்த்தார். இன்னும் இரண்டு பேர் இறங்கி வந்தார்கள்.

சூப்பர்வைசர் ஆபீஸ் கண்ணாடி ஜன்னலை ஒருதரம் பார்த்தார். வேன் ஜன்னலில் கையை வைத்துக் குனிந்து, தணிந்த குரலில் சொன்னார். "ஒரு பேட்ச் வண்டில அந்த ஜாயிண்ட்ல பல்லு சரியா உக்காரலம்மா. எப்பவோ ஒரு தடவ பிடிப்பு வழுக்கிரும். எல்லா வண்டிக்கும் ஆவாது. சும்மா முன்ஜாக்கிரதைக்குத்தான்."

"வழுக்கினா இன்னா ஆவும்?"

"வீலத் திருப்பினா... ஒரு செகண்டு டயர் திரும்பாது."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு தபா சொல்லு."

"வீல் திரும்பும்மா. டயர் திரும்பாது. அப்புறம் தானா பிடிச்சிக்கும்."

"புடிச்சிக்கினப்புறம் மெக்கானிக்கு பாத்தா?"

"ஒண்ணும் தெரியாதும்மா. நல்லா இருக்கற மாதிரியேதான் இருக்கும்."

ஒரு வருடமாக என் மகள் தினமும் காலையும் மாலையும் அந்த ஏரிக்கரை வளைவில் அதே ஜாயிண்டை நம்பிப் போய்வந்திருக்கிறாள். குடித்த ஜூஸ் தொண்டைக்கு வந்தது. அந்த ஆளின் சட்டையைப் பிடித்து, இதை போனில் சொன்னால் உன் வாய் வெந்துவிடுமா என்று கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்கவும் கேட்டேன், சட்டையைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். "நான் சம்பளக்காரன்மா" என்றார் அவர்.

அக்கா இனிமேல்தான் ஆடப் போகிறார், அந்தக் கூடையையே தூக்கிக்கொண்டு வரப்போகிறார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் சாவியை எடுத்து வண்டியைக் கிளப்பினார். பழைய சாமானை வாங்காமல் அவர் ஒரு இடத்தை விட்டுக் கிளம்பியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கேட்டைத் தாண்டியதும் வீட்டுக்கு வருகிற பக்கம் திரும்பவில்லை. அத்திபெலே பக்கம் திரும்பினார்.

லாரிகளுக்கு நடுவில் மெதுவாகத்தான் ஓட்டினார். எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டிய பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"அவன் அன்னிக்கு இன்னா சொன்னான்?"

"யாருக்கா?"

"என் வூட்டுக்காரன்."

"வீல் திரும்புச்சி, டயர் திரும்பலன்னு சொன்னாருக்கா."

"ம்" என்றார்.

லாரி ஆபீஸ் செக்போஸ்டுக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது. ஒரு லாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கீழே நின்று தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். முன்பைவிட இளைத்திருந்தார். வெள்ளை வேன் வந்து நிற்பதைப் பார்த்ததும் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். முகமெல்லாம் வெளுத்துவிட்டது.

"புள்ளைங்க? புள்ளைங்களுக்கு இன்னா ஆச்சி?"

"புள்ளைங்களுக்கு ஒண்ணும் இல்ல. நல்லா கீதுங்க" என்று சொல்லிக்கொண்டே அக்கா இறங்கினார். முகாம், கூடை, ஜாயிண்ட், சூப்பர்வைசர் சொன்னது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். நடுவில் நிறுத்தாமல், அண்ணன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

கேட்டு முடித்துவிட்டு, "எனுக்குத் தெரியும், நான்தான் சொன்னேனே" என்று அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மடித்துக் கிடந்த தார்ப்பாய் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அப்டின்னா நான் தூங்கலியா?" என்றார்.

அக்கா புரியாமல் பார்த்தார். "நீதான சொன்ன, டயர் திரும்பலன்னு?"

"சொன்னேன். மெக்கானிக்கு பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னான். போலீசு சிரிச்சான். நீ சொன்ன, தெருவே சொல்லிச்சி. செரி, தூங்கித்தான் பூட்டிருப்பேன்னு நானும் நெனச்சிக்கினேன். தூங்கறவனுக்குத் தூங்கனது தெரியுமா?" உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "அந்தக் கொழந்த தாவாக்கட்டைல ரத்தத்தோட அழுதுச்சே, அது என்னாலதான்னு... இங்க மொதலாளி வண்டி ஓட்டச் சொல்லி எத்தினியோ தபா கேட்டார். நான் சாவியத் தொடவேயில்ல."

"நீ தூங்கல" என்றார் அக்கா.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டே ஆட்டினார். சரி என்கிற மாதிரியும் இருந்தது, விடு என்கிற மாதிரியும் இருந்தது. "கம்பெனிக்காரன் எல்லா வண்டிக்கும் ஆவாதுன்னு சொன்னான் இல்ல? நம்ம வண்டிக்கு அன்னிக்கு அதான் ஆச்சின்னு யாருக்குத் தெரியும்? நான் முந்தின நாள் சவாரி போனது நெசந்தான?"

லாரி மேல் நின்றிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அக்கா யாரையும் பார்க்கவில்லை. புடவை மண்ணில் புரள அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து, அவருடைய இரண்டு முழங்கால்களையும் பிடித்துக்கொண்டார்.

"யோவ், நீ தூங்கலய்யா. முழிச்சிக்கினுதான் இருந்த. வீலத் திருப்பின. நான் சொல்றேன் இல்ல, நம்புய்யா" என்றார். அவர் நிமிரவில்லை. அக்காவின் குரல் உடைந்துவிட்டது. "என்னிய நம்புய்யா."